இருபத்தெட்டு நொடி

'எங்களுக்கு மூச்சு வேண்டாம்' என்று எழுதி இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். யசோதரை அந்த மனுவை மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் அது அதையேதான் சொன்னது. பாதிக் கையெழுத்துகள் கோணிக்கொண்டு வரிக்கு வெளியே ஓடியிருந்தன. எழுதும் பழக்கம் விட்டுப்போன கைகள் என்று நினைத்துக்கொண்டாள். முதல் கையெழுத்து அவளுடைய சித்தி சலோமியுடையது.

மூச்சு என்பது அந்தத் தொழிற்சாலைக்குள் மட்டும் புழங்கிய சொல். ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி போகும் நெடுஞ்சாலையில், கையால் தைத்த தோல் ஷூக்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அது. தைக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தைக்கத் தெரியாது. தெரிய வேண்டியதில்லை. இரண்டு மணிக்கட்டிலும் கருப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு, மேஜைக்கு அடியில் இருக்கும் மிதியை ஒரு மிதி மிதித்தால் போதும். பட்டை நேராக நரம்போடு பேசும். விரல்கள் தாமாகக் குத்தூசியை எடுக்கும், தோலைத் துளைக்கும், நூலைக் கோத்து இழுக்கும். வாயால் பேசலாம், பாட்டுக் கேட்கலாம், அழக்கூடச் செய்யலாம். கை மட்டும் அந்த நேரத்தில் சொந்தக்காரியுடையது இல்லை. இரண்டு நிமிடம் ஆனதும் ஓட்டம் நின்று, ஆறு நொடிக்குக் கை திரும்பி வரும். மறுபடி மிதித்தால் அடுத்த இரண்டு நிமிடம். இடையில் வரும் அந்த ஆறு நொடிதான் மூச்சு. ஒவ்வொரு இரண்டு நிமிட ஓட்டத்துக்கும் பெயர் மேக்ரோ. ஒரு ஜோடி ஷூவுக்குப் பத்தொன்பது மேக்ரோக்கள்.

அந்தப் பத்தொன்பதையும் பராமரிப்பது யசோதரையின் வேலை. அவள் தெருவில் பொறியியல் படித்த முதல் ஆள் அவள். அதை யாராவது பாராட்டாகச் சொன்னால், "மத்தவங்கள யாரு படிக்க விட்டீங்க" என்று கேட்டுவிடுவாள். அதனால் யாரும் அதிகம் சொல்வதில்லை.

மனுவைக் கையில் சுருட்டிக்கொண்டு மேலாளர் முகுந்தனின் அறைக்குப் போனாள். அவர் மேஜையில் அவளுக்காக ஒரு படிவம் காத்திருந்தது. பத்தொன்பதையும் ஒட்டி முப்பத்தெட்டு நிமிட ஒரே மேக்ரோவாக ஓட்டலாம், அது பாதுகாப்பானது என்று பொறியாளர் சான்று தரும் படிவம்.

"உட்காருங்க யசோதரை. படிச்சீங்களா? நான் கேக்கல. மேலிடம் கேக்கல. அவங்களே கேக்கறாங்க."

"கேக்கறாங்கதான் சார். ஏன் கேக்கறாங்கன்னு பார்த்தீங்களா?"

"ஏன்னு பார்க்கிறது என் வேலை இல்ல. சட்டம் என்ன சொல்லுது? ஒரு மேக்ரோன்னா ஒரு வேலை. அவ்வளவுதான். எத்தனை நிமிஷம்னு எங்கயும் போடல. ஒரு ஜோடி ஷூ தைக்கிறது ஒரு வேலைதானே?"

"அப்படிப் பார்த்தா ஒரு ஷிஃப்டும் ஒரு வேலைதான். ஒரு ஆயுசும் ஒரு வேலைதான்."

"இந்தப் பேச்செல்லாம் மேடைக்கு நல்லா இருக்கும்." அவர் சிரித்தார். கெட்டவர் இல்லை, சீக்கிரம் வீட்டுக்குப் போக விரும்புகிறவர். "சரி, நீங்களே சொல்லுங்க. எவ்வளவு நீளம் போனா ஒரு மேக்ரோவைப் பிரிக்கணும்?"

"காலேஜ்ல ரெண்டு விதி சொன்னாங்க. திரையில ஒரு பக்கத்துக்குள்ள அடங்கணும். பேர் வைக்கிறப்போ 'இதுவும் அதுவும்'னு வந்துச்சுன்னா அங்கயே பிரிச்சிடணும்."

"அது கம்ப்யூட்டர்ல ஓடற மேக்ரோவுக்கு. இது கையில ஓடறது."

"அதனாலதான் சார் சொல்றேன். கையில ஓடறதுக்கு இரண்டு நிமிஷமே அதிகம். நடுவுல ஒருத்தி 'போதும்'னு கையை எடுக்கறதுக்கு அந்த ஆறு நொடிய விட்டா வேற வழி கிடையாது. அதையும் பிடுங்கிட்டா முப்பத்தெட்டு நிமிஷத்துக்கு அவ கைய நாம எடுத்துக்கிட்டோம்னு அர்த்தம். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நாலு நாள் டைம் இருக்கு," என்றார் முகுந்தன். "கீழ போய் அவங்ககிட்டயே பேசுங்க. அப்புறம் கோபப்படுங்க."

கேன்டீனில் முதல் ஷிஃப்டின் சாப்பாட்டு நேரம். சலோமி ஓரத்து மேஜையில் தக்காளி சாதத்தைக் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு வயது, ஒல்லியான உடம்பு. கம்பெனியில் உண்மையாகவே தைக்கத் தெரிந்த சிலரில் அவள்தான் முதல் ஆள். இரண்டரை வருடத்துக்கு முன்னால் இந்த ஷூவுக்கான மேக்ரோவைப் பதிவு செய்தபோது, பட்டைக்குள் போனது அவளுடைய கைதான். அவள் ஒரு ஜோடியைத் தைத்தாள், அது அப்படியே பதிவானது. அன்றிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களும் சலோமியின் கையால்தான் தைக்கிறார்கள். தைக்கும் தளத்தில் சலோமியும் ஒருத்தி. தன் கையையே தானும் இரவல் வாங்கிக் கட்டிக்கொள்கிறாள்.

எதிரில் துளசி. தைக்கும் தளத்தில் சலோமியின் வரிசைக்காரி, இருபத்தாறு வயது. போனை வாய்க்குக் கீழே பிடித்து, "மாவு வாங்கினு வா, மறந்துடாத, மறந்துட்டு அப்புறம் சிரிக்காத" என்று புருஷனுக்குக் குரலில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் குரலில்தான் அனுப்புவாள். டைப் அடிக்கச் சோம்பேறி என்று கேன்டீனே கேலி செய்யும்.

"வாங்க மேடம்," என்றாள் துளசி. "மேல ஏசி ரிப்பேரா? எங்களாண்ட வந்து குந்தறீங்க."

யசோதரை மனுவை மேஜைமேல் போட்டாள். "இன்னாடி இது? மூச்சு வேணாம்னு எவளாவது எழுதிக் குடுப்பாளா?"

"எழுதினது உங்க சித்தி. நாங்க கீழ கிறுக்கினதுதான்."

சலோமி தலையை நிமிர்த்தவில்லை. "சாப்புட்டியா?"

"சித்தி, பேச்சை மாத்தாத. இந்த ஆறு நொடியக் காப்பாத்தத்தான் நான் மேல உட்கார்ந்து ஒருத்தியா கத்திக்கினு இருக்கேன். நீங்க கீழயிருந்து வெட்டி விடறீங்க."

"மேடம், கோச்சுக்காதீங்க," என்றாள் துளசி. "மேக்ரோ ஓடறப்போ கை மரத்த மாதிரி கீது. யாரோட கையோ போல. ஒன்னும் தெரியல. இரண்டு நிமிஷம் ஆனதும் கையத் திருப்பிக் குடுக்கறீங்க பாருங்க, அப்போதான் கட்டைவிரல்ல நெருப்ப வெச்ச மாதிரி இருக்குது. ஆறு நொடி எரிஞ்சு, அடுத்த மிதி மிதிச்சாதான் அடங்குது. ஒரு ஜோடிக்குப் பதினெட்டு தடவை எரியுது. எட்டு மணி நேரத்துக்கு நீங்களே கணக்குப் போடுங்க. அந்த மூச்சு எங்களுக்கு இன்னாத்துக்கு?"

"வலிக்குதுன்னா வலிக்குதுன்னு மனு போடணும். வலி தெரியாம கட்டிப்போடுங்கன்னா போடுவாங்க?"

"அதுக்குப் பேசாம எங்க கைக்குப் பதிலா மெஷினையே வெச்சுடலாமே?"

"தோலு ஒவ்வொன்னும் ஒரு மாதிரி துளசி. மெஷின் கை தோலுக்கு ஏத்தாப்ல விட்டுக்குடுக்காது, கிழிச்சுடும். உங்க கை விட்டுக்குடுக்கும். அதான்."

"ஆமா," என்று துளசி எழுந்தாள். "விட்டுக்குடுக்கறதுக்குன்னே பொறந்த கை." டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

சலோமி கரண்டியைக் கீழே வைத்தாள். "யசோ, படிவத்துல கையெழுத்துப் போட்டுடு. எல்லாருக்கும் நிம்மதி."

"முடியாது."

"நீ மேல குந்திகினு எழுதறவ. உன் கைய யாரும் இரவல் வாங்கல. அதான் உனக்கு வாய் இவ்வளவு நீளுது."

அது சுட்டது. சித்தியின் கை உழைப்பில்தான் அவள் படித்தாள், அம்மா போன பிறகு எல்லாம் சித்திதான். வேறு யார் சொல்லியிருந்தாலும் யசோதரை பதிலுக்கு ஒரு வாங்கு வாங்கியிருப்பாள். சித்தி சொன்னதால் மறுபடியும் மாடிப்படி ஏறினாள்.

"சார், நாளைக்குக் காலையில நாலாவது வரிசையில உட்கார்றேன். பத்தொன்பதையும் ஒட்டி என் கையில ஓட்டுங்க. முப்பத்தெட்டு நிமிஷம் தாங்கினேன்னா நீங்க சொல்ற இடத்துல கையெழுத்துப் போடறேன். நடுவுல நிறுத்தச் சொன்னா படிவத்தைக் கிழிச்சுடணும்."

முகுந்தன் ஒப்புக்கொண்டார். அவருக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

காலையில் துளசிக்கும் சலோமிக்கும் நடுவில் ஒரு மேஜை காலி செய்து கொடுத்தார்கள். அந்த இரண்டு பேரும் வழக்கம்போல இரண்டு நிமிட மேக்ரோவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். யசோதரை பட்டையைக் கட்டிக்கொண்டு மிதித்தாள்.

முதல் ஐந்து நிமிடம் அவளுக்கு வியப்பாக இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் குத்தூசியைத் தொட்டதில்லை. தொட்டால் விரலை ஒடிப்பேன் என்று சொல்லித்தான் அம்மா வளர்த்திருந்தாள். அந்த விரல்கள் இப்போது தோலை மடித்து, துளைத்து, இரண்டு ஊசியையும் எதிரெதிராகக் கோத்து, நூலை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தன. ஒரு தையல்கூடப் பிசகவில்லை. அவள் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது நிமிடத்தில் மூக்கு அரித்தது.

"தோள்ல தேய்ங்க மேடம்," என்றாள் துளசி, தன் தையலிலிருந்து பார்வையை எடுக்காமல். "எட்டலன்னா மேஜை விளிம்புல. நாங்க சேர்ந்த புதுசுல மூச்சு வர்றதுக்குள்ள மூக்கு தேஞ்சு போச்சு."

பன்னிரண்டாவது நிமிடத்தில் வலது கட்டைவிரல் இருப்பது தெரிந்தது. வலி என்று சொல்ல முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டுவது போல. இருபதாவது நிமிடத்தில் தட்டுவது வேகமானது. ஆனால் சுவர் இருந்தது. முகுந்தன் வந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஓகேவா?" என்றார். "ஓகே சார்," என்றாள். உண்மையிலேயே தாங்க முடிந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இவர்கள் சொல்வது சரிதானோ, நீளமாக இருந்தால்தான் சுகமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

முப்பத்தெட்டாவது நிமிடம் முடிந்தது. இரண்டு ஷூக்களும் மேஜைமேல் கச்சிதமாக இருந்தன. கை திரும்பி வந்தது.

சுவர் விழுந்தது. கட்டைவிரலின் அடியிலிருந்து முழங்கைவரை ஒரே வீச்சில் வந்த வலியில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகுந்தன் படிவத்தை நீட்டினார். "தாங்கிட்டீங்க. வாக்கு வாக்குதான்."

யசோதரை பேனாவை வாங்கினாள். பேனா கட்டைவிரலில் நிற்கவில்லை, நழுவியது. இரண்டாம் முறை பிடித்து முதல் எழுத்தைப் போட்டாள். 'ய' வரிக்கு வெளியே கோணிக்கொண்டு ஓடியது.

அந்தக் கோணலை அவள் நேற்றுதான் பார்த்திருக்கிறாள். பாதி மனுவில். துளசி பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுதும் பழக்கம் எங்கே விட்டுப்போனது? குரலில் செய்தி அனுப்புகிறவள். டம்ளரை உள்ளங்கையால் தூக்குகிறவள்.

"கையெழுத்து வரல சார்," என்றாள். "நாளைக்குப் போடறேன். இது என் கையெழுத்து இல்ல."

"விளையாடாதீங்க யசோதரை."

"நீங்களே பாருங்க. இதைப் பேங்க்ல குடுத்தா திருப்பி அனுப்பிடுவான்."

முகுந்தன் கோணல் எழுத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், படிவத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அவள் நேராகத் தன் அறைக்குப் போய்ப் பழைய பதிவைத் தேடினாள். ஒட்டியதும் வெட்டியதும் எதுவும் இல்லாத மூலப் பதிவு, சித்தி ஒரே மூச்சாகத் தைத்தது. சித்திக்கு வலித்திருக்க வேண்டும், அப்படி வலித்திருந்தால் அவள் என்ன செய்தாள் என்று பார்க்கத்தான்.

திரையில் இரண்டு கைகள் வரைபடமாக ஓடின. நாலாவது நிமிடம் சொச்சத்தில், நூலை இழுத்து முடித்ததும், வலது கட்டைவிரல் தோலை விட்டுவிட்டு மேஜை விளிம்பில் போய் அழுந்தியது. இரண்டு நொடி. பிறகு வேலைக்குத் திரும்பியது. மறுபடி ஒரு நிமிடம்கூட ஆகாமல் இன்னொரு முறை. அதற்கப்புறம் மூன்றரை நிமிடம் கழித்து. ஒழுங்கே இல்லை. கடினமான வளைவில் சீக்கிரம், நேர்த்தையலில் தாமதம். மொத்தம் பதினான்கு முறை.

அந்தப் பதினான்கு இடமும் மஞ்சளாக இருந்தன. 'பயனற்ற அசைவு' என்று மென்பொருள் அடையாளம் வைக்கும் நிறம் அது. இப்போது ஓடும் மேக்ரோவில் அவை இல்லை. நீக்கப்பட்ட நாள் பதினாறு மாதத்துக்கு முந்தையது. நீக்கியவர் பெயர் பக்கத்திலேயே இருந்தது.

யசோதரை.

அவளுக்கு நினைவு வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். 'சுத்தம் செய்' என்று ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். மஞ்சளாகத் தெரிந்ததையெல்லாம் ஒரு பிற்பகலில் தட்டித் தட்டி நீக்கினாள். ஜோடிக்கு இருபத்தெட்டு நொடி மிச்சம். கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். அன்று சாயங்காலம் மைசூர்பாகு வாங்கி, தளம் முழுக்கத் தானே போய்க் கொடுத்தாள். துளசி இரண்டு எடுத்துக்கொண்டாள்.

அந்த அசைவு என்ன செய்கிறது என்று கீழே போய் யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

இன்னொன்றும் இப்போது தெரிந்தது. மூலப் பதிவை இரண்டு நிமிடத் துண்டுகளாக வெட்டியது அவளுக்கு முன்னால் இருந்தவர். கடிகாரத்தைப் பார்த்து வெட்டியிருந்தார். பதினெட்டு வெட்டில் பதினாறு, நூலை இழுத்துப் பிடித்துக் கட்டைவிரல் முழு பலத்தோடு அமுக்கியிருக்கும் இடத்தில் விழுந்திருந்தன. ஆறு நொடி மூச்சு வந்தாலும் நூலை விட முடியாது, விட்டால் தையல் தளரும். கையைத் திருப்பிக் கொடுத்து, கொடுத்த கையால் பாரத்தைப் பிடிக்கச் சொன்ன மூச்சு அது. அந்த இரண்டு நிமிடத்தைக் காப்பாற்றத்தான் அவள் நேற்று மாடியில் கத்தியிருந்தாள்.

பட்டையைக் கட்டிக்கொண்டு மூலப் பதிவைத் தன் கையில் ஓட்டினாள். எரியும் விரலோடு தோலும் நூலும் இல்லாமல் வெறுங்கையால் காற்றைத் தைத்தாள். நாலாவது நிமிடத்தில் கட்டைவிரல் மேஜை விளிம்பில் போய் அழுந்தியது. எந்த இடம் எரிந்ததோ சரியாக அந்த இடத்தில். எரிச்சல் பாதியாக இறங்கியது.

மதியம் இரண்டரை மணிக்கு முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. சலோமி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். யசோதரை ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் இன்னும் யாரும் இல்லை.

"சித்தி, நீ ரெக்கார்டு பண்றப்போ கட்டைவிரல மேஜையில அழுத்தினியே, எதுக்கு?"

"அரிச்சிருக்கும்."

"பதினாலு தடவை அரிக்குமா? சும்மா சொல்லாத."

சலோமி வெளியே பார்த்தாள். "வேணும்னுதான் வெச்சேன். எங்க அழுத்தினா விரல் பிழைக்கும்னு எங்களுக்குத் தெரியும். இருபது வருஷம் தைச்ச விரல் இது. அன்னிக்கு மெஷின்காரன் சொன்னான், தேவையில்லாம அசையாதீங்கம்மா, அதுவும் பதிவாயிடும்னு. பதிவாகட்டும்னுதான் அசைச்சேன். நாளைக்குக் கட்டிக்கப்போறது ஊசியே பிடிக்காத கை. அதுங்களுக்கு எங்க விடணும்னு எப்படித் தெரியும்."

"அதை வெட்டினது யாருன்னு தெரியுமா?"

"தெரியும்."

யசோதரை திரும்பிப் பார்த்தாள்.

"மறுநாள் காலையிலயே தெரியும்," என்றாள் சலோமி. "இருநூறு பேரு ஒன்னா விரல அழுத்துனா மேஜையெல்லாம் ஒரு சத்தம் குடுக்கும். அன்னிக்கு அது வரல. நீ முந்தின நாள் மைசூர்பாகு குடுத்துட்டுப் போயிருந்தே. இன்னாத்துக்குன்னு கேட்டதுக்கு, வேண்டாத அசைவெல்லாம் எடுத்துட்டேன் சித்தின்னு நீயே சொன்னே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"யாராண்ட? உன் மேனேஜராண்டயா? நம்ம வீட்டுப் பொண்ணு முதல் மாசமே தப்புப் பண்ணிட்டான்னா? உன்ன அனுப்பிட்டு வேற எவனையாவது வெச்சிருப்பாங்க. இதுங்கள எடுத்தா இப்படித்தான்னு ஒரு பேச்சு வேற பேசியிருப்பாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"உனக்குத் தெரிஞ்சா நீ சும்மா இருப்பியா? நீயே போய் மைக்குல சொல்லுவ." சலோமி தன் கட்டைவிரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். "முதல்ல வலி இவ்வளவு ஆகும்னு நெனைக்கல. ஆனப்புறம், எல்லாரும் ஏன் ஏன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. துளசி டாக்டராண்ட போறேன், லேபர் ஆபீசுக்குப் போறேன்னா. எவனாவது வந்து தோண்டினா உன் பேருதான் மேல வரும். மூச்சு இல்லாம போனா வலி தெரியாது. வலி தெரியலன்னா எவளும் கேக்க மாட்டா. அதான் அந்த மனு."

இன்ஜின் ஓடத் தொடங்கியது. யசோதரைக்குத் திட்ட வேண்டும் போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

"இருநூத்திப் பதினோரு கை சித்தி. உன்னோடதையும் சேர்த்தா பன்னிரண்டு. என் ஒரு வேலைக்கு."

"எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனைக்கிறியா?" என்றாள் சலோமி. "தெனமும் எண்ணுறேன். இறங்கு, பஸ் கெளம்புது."

அன்று சாயங்காலமும் மறுநாளும் யசோதரை உட்கார்ந்து பதிவைப் புதிதாகப் பிரித்தாள். இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சித்தியின் விரல் எங்கே விட்டதோ அங்கே வெட்டினாள். பதினான்கு வெட்டு, பதினைந்து துண்டு. ஒரு துண்டு நாலரை நிமிடம், ஒரு துண்டு ஐம்பது நொடி. திரையில் ஒரு பக்கத்துக்குள் சில அடங்கின, சில அடங்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்ன மேக்ரோ எழுதினாள். அது எதையும் தைக்காது. பதினைந்தையும் வரிசையாகக் கூப்பிடும், கூப்பிடுவதற்கு நடுவில் இரண்டு நொடி கையை விட்டுவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒரே மிதி, ஒரே பெயர். அந்த இரண்டு நொடியில் விரலை அழுத்தச் சொல்லும் அசைவை மட்டும் அவள் திரும்ப வைக்கவில்லை. பதினாறு மாதத்தில் யாருடைய கைக்கு எங்கே வலிக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி இன்னொரு முறை நடந்துகொள்ள அவள் விரும்பவில்லை.

முகுந்தன் படிவத்தைப் படித்தார். "ஒரே மேக்ரோ. நல்லது. முப்பத்தெட்டு நிமிஷம் இருபத்தெட்டு நொடின்னு போட்டிருக்கீங்களே, அந்த இருபத்தெட்டு எதுக்கு?"

"நான் திருடினது சார். திருப்பிக் குடுக்கறேன்."

காரணம் என்ற கட்டத்தை அவர் அப்போதுதான் படித்தார். நீக்கியது யார், எப்போது, அதனால் என்ன ஆனது, இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், எல்லாம் அவள் பெயரோடு இருந்தது. கையெழுத்து இன்னும் கொஞ்சம் கோணல்தான்.

"இதை எழுதாதீங்க. உங்களுக்கும் கெடுதல், கம்பெனிக்கும் கெடுதல். 'செயல்திறன் மேம்பாடு'ன்னு போடுங்க, முடிஞ்சது."

"எழுதியாச்சு சார். நகல் தொழிலாளர் ஆய்வாளருக்கும் போயாச்சு."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு, பழக்கத்தால், பேரம் பேசினார். "பதினாலு இடம் வேணுமா? ஏழு போதாதா?"

"உங்க கை ஏழுல நிக்குதான்னு பார்க்கலாம். நாலாவது வரிசையில அந்த மேஜை இன்னும் காலியாத்தான் இருக்கு."

முகுந்தன் தன் வலது கையைப் பார்த்தார். படிவத்தில் ஒப்பம் வைத்தார். "உங்களுக்கு விசாரணைக் கடிதம் வரும். நான் ஒன்னும் பண்ண முடியாது."

"வரட்டும்."

மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால் அவள் தளத்தின் நடுவில் நின்றாள். மைக் இல்லை. குரலே போதுமானதாக இருந்தது. பதினாறு மாதத்துக்கு முன்னால் தான் எதை வெட்டினாள், ஏன் வெட்டினாள், அதனால் அவர்கள் விரலுக்கு என்ன ஆனது என்று சொன்னாள். கேட்காமல் வெட்டியது தன் தப்பு என்றாள். சித்தியின் மனுவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால் அதைச் சித்திதான் சொல்ல வேண்டும்.

சலோமி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துளசி தன் வலது கட்டைவிரலை விரித்து, மடக்கி, மறுபடி விரித்தாள். முழுக்க மடங்கவில்லை.

"மைசூர்பாகு குடுத்தீங்களே, அன்னிக்கா?" என்று கேட்டாள்.

"அன்னிக்குதான்."

துளசி தலையை ஆட்டினாள். கேலி எதுவும் வரவில்லை. "சரி மேடம். மிதிக்கலாமா?"

மிதித்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடிக் கைகளும் ஒன்றாக எழுந்து, ஒன்றாகக் குத்தூசியை எடுத்து, ஒன்றாகத் துளைத்தன. யசோதரை சுவரோரம் நின்று கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருந்தாள்.

நாலாவது நிமிடம் சொச்சத்தில் நூல்கள் இழுபட்டு நின்றன. கைகள் திரும்பி வந்தன. முதலில் சலோமியின் கட்டைவிரல் மேஜை விளிம்பில் அழுந்தியது. அவளைப் பார்த்து அதே வரிசையில் நாலைந்து பேர் அழுத்தினார்கள். ஒருத்தி மணிக்கட்டைச் சுழற்றினாள். ஒருத்தி மூக்கைச் சொறிந்தாள். ஒருத்தி விரலை வாயில் வைத்துக்கொண்டாள். தளத்தில் எந்த இரண்டு கையும் ஒரே மாதிரி அசையவில்லை.

துளசி எதையும் செய்யவில்லை. இரண்டு கைகளையும் மடியில் போட்டு, இரண்டு நொடியும் சும்மா வைத்திருந்தாள்.